விபுலாநந்த அடிகளாரும் பரீட்சை வாயில்களும்

கல்லூரியொன்று தன் ஆண்டு நிறைவை விழாவாகக் கொண்டாடும்போது, அக்கல்லூரி எவ்வெண்ணத்தால் எழுந்ததோ அவ்வெண்ணத்திற்கு உயிர் தந்த பெரியாரை நினைவுகூர்தல் மரபு. மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழும் தமிழ்மக்கள் அவ்வாறு நினைக்கத் தொடங்கும்போது முதலில் நாவில் எழும் பெயர் விபுலாநந்த அடிகளாரின் பெயரே. அடிகளாரின் துறவு பற்றியும் தமிழ்த்தொண்டு பற்றியும் யாழாராய்ச்சி பற்றியும் அறிஞர் பலர் விரித்துரைத்துள்ளனர். அவற்றையே மீண்டும் கூறுவது ஈண்டு எம் நோக்கமன்று. அடிகளார் தம் வாழ்நாளில் எத்தனை பரீட்சை வாயில்களைக் கடந்தார், கடந்தபின் பிறர்க்கு அவ்வாயில்களை எவ்வாறு திறந்து வைத்தார் என்னும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் சரிதையைச் சொல்ல முற்படுகின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் எம் மாணவர் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. பல்கலைக்கழகம் தன் மாணவரை எவ்வளவுகோலாற் பொறுக்கியெடுத்தல் வேண்டும்? ஆண்டுக்கணக்காக மாணவனைக் கண்ட பள்ளிக்கூடத்தின் மதிப்பீட்டாலா, சில நாளில் முடிந்துவிடும் பொதுப் பரீட்சையாலா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்கு அடிகளாரின் வாழ்க்கை நல்லதொரு பாடநூலாகும்.

பிறப்பும் இளமையும்

கல்முனைக்குத் தெற்கே, கிழக்கிற் கடலும் மேற்கில் வயல்வெளியும் சூழ அமைந்த காரைதீவு என்னும் ஊரிலே, 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள், சாமித்தம்பி என்பார்க்கும் கண்ணம்மை அம்மையார்க்கும் மைந்தராகத் தோன்றினார் அடிகளார். பெற்றோர் முதலில் இட்ட பெயர் தம்பிப்பிள்ளை. பின்னர்க் கதிர்காமத்து முருகன் பெயரால் மயில்வாகனன் என அழைக்கப்பட்டார். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிவு பெற்றார். வைத்திலிங்க தேசிகர் என்னும் புலவரிடம் தமிழும் வடமொழியும் பயின்றார். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கற்றார்.

காரைதீவிலிருந்து மட்டக்களப்பு நகர் இருபத்தைந்து கல்லுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. கல்லடிப் பாலம் 1924 ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. ஆதலால் அந்நாளில் தெற்கேயிருந்து வருவோர் கல்லடித் துறையிலே தோணியேறி வாவியைக் கடந்தே புளியந்தீவை அடைந்தனர். சைவப் பிள்ளைகள் உயர்தர ஆங்கிலக் கல்வி பெறுதற்கு இப்பகுதியில் மிசனரிமார் பாடசாலைகளன்றி வேறு புகலிடம் இல்லாதிருந்த காலம் அது. அப்பாடசாலைகள் மயில்வாகனனார்க்கு நன்கு கற்பித்தன என்பதையும், அவற்றிற்கு அவர் என்றும் நன்றியுடையவராயிருந்தார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

முதல் வாயில்

1908 ஆம் ஆண்டில், தமது பதினாறாம் வயதில், மயில்வாகனனார் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அப்பரீட்சை நடந்த முறை இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கும். வினாத்தாள் இங்கிலாந்திலே ஆக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. விடைத்தாளும் கப்பலேறியே திரும்பிச் சென்றது. அதனைத் திருத்தியவர் காரைதீவு எங்கே உள்ளதென அறியார். எழுதியவனின் தந்தை யார், குலம் யாது, சமயம் யாது, உடையாருக்கு உறவினனா, முதலியாருக்கு வேண்டியவனா என்பனவற்றையும் அவர் அறியார். அவர்முன் கிடந்தது ஓர் எண்ணும் சில தாள்களுமேயாம்.

பொதுப் பரீட்சைக்குரிய பெருஞ்சிறப்பு இதுவே. சிற்றூர்ப் பிள்ளையொருவனுக்காகப் பரிந்துபேச நகரத்திலே ஆளில்லாதபோது, அவன் எழுதிய விடையே அவனுக்காகப் பேசும். பள்ளிக்கூடத்தின் சான்று மட்டுமே செல்லுபடியாகும் ஒழுங்கு அந்நாளில் இருந்திருப்பின், பெயர்பெற்ற கொழும்புக் கல்லூரியின் சான்றுக்கும் மட்டக்களப்புக் கல்லூரியின் சான்றுக்கும் ஒரே மதிப்பு கிடைத்திருக்குமோ என்பது ஐயத்திற்குரியது.

எனினும் இம்முறையின் குறையையும் நாம் மறைத்தல் கூடாது. அப்பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தது. அந்நிய நாட்டார் வகுத்த பாடத்தையே கேட்டது. தேசிகரிடம் இளமையிற் பெற்ற தமிழ்ச் செல்வத்தில் பெரும்பகுதியைப் பற்றி அது ஒரு வினாவும் எழுப்பவில்லை. பிற்காலத்தில் அவரைப் பேராசிரியராக்கியது அச்செல்வமே. ஆகவே பரீட்சை தான் கேட்டதை நடுநிலையோடு அளந்தது. கேளாததை அளக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

ஆசிரியத் தொழிலும் பின்வந்த வாயில்களும்

பரீட்சையில் தேறிய மயில்வாகனனார் தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியராய்ச் சிறிதுகாலம் பணியாற்றினார். 1911 இல் கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து, 1912 இற் பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்றார். கொழும்பில் வாழ்ந்த நாளிலே தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலிய தமிழறிஞரை அடுத்துப் பழந்தமிழ் நூல்களைத் துறைபோகக் கற்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது.

ஆசிரியப் பயிற்சி என்பது பரீட்சை முறைகளிடையே தனியொரு வகையைச் சார்ந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறுதல் மட்டும் அதற்குப் போதாது. பயிலுநர் பிள்ளைகள்முன் நின்று பாடம் நடத்துவதையும், வகுப்பை ஆளும் திறத்தையும், கரும்பலகையைக் கையாளும் முறையையும் விரிவுரையாளர் பலநாள் இருந்து நோக்கி மதிப்பிடுவர். நெடுநாள் நோக்கலும் எழுத்துப் பரீட்சையும் ஒன்றையொன்று தாங்கிநிற்கும் முறை இது. அப்பத்திரம் பெற்றுத் தொழில் புரியும் எம்போன்றோர் இரண்டின் பயனையும் நன்கறிவோம். எழுத்தில் முதல்வராய் நின்றோர் வகுப்பறையிற் சோர்வதும், எழுத்தில் இடைநின்றோர் வகுப்பறையில் ஒளிர்வதும் நாம் கண்டவையே.

பயிற்சி முடித்து மீண்டும் சிறிதுகாலம் கற்பித்தபின், 1915 இற் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார். பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் 1901 இல் நிறுவப்பெற்ற அச்சங்கத்தின் பண்டிதப் பட்டத்தை ஈழநாட்டவருள் முதன்முதற் பெற்றவர் அவரே என்பர். ஒரே ஆண்டில் ஆய்வுகூடத்துக் குடுவையும் சங்கச் சான்றோர் ஏடும் ஒருவர் கையில் ஒருங்கே விளங்கின. தமிழ் ஒருபுறம், விஞ்ஞானம் மறுபுறம் என நிற்கும் இருதுறைகளையும் ஓருள்ளத்தில் இணைக்கும் பணிக்கு அவர் இவ்வாண்டிலேயே அணியமானார் எனலாம்.

1917 இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலிற் கற்பித்து, எஞ்சிய நேரத்தில் தாமே கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை எழுதி, பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்நாளில் இந்நாட்டிற் பல்கலைக்கழகம் இல்லை. மருத்துவமும் சட்டமும் தவிர்ந்த துறைகளில் உயர்கல்வி கற்பிக்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1921 ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இலண்டன் பல்கலைக்கழகமோ 1858 முதலாகத் தன் பரீட்சைகளை, எவ்விடத்தில் எவ்வாறு கற்றவராயினும் எழுதலாம் எனத் திறந்து வைத்திருந்தது. மாணவனைத் தன் வளாகத்தினுள் ஏற்பதா மறுப்பதா என்னும் கேள்வியே அங்கு எழவில்லை. புகுமுகத் தகுதி பெற்றோர் எவரும் எழுதலாம். தேறினாற் பட்டம், தவறினால் மீண்டும் முயற்சி. கப்பற்கட்டணம் கொடுத்துக் கடல்கடந்து சென்று கற்க வசதியில்லாத ஆசிரியரொருவருக்கு இதனினும் சிறந்த வாயில் வேறு கிடைத்திருக்க முடியாது.

பரீட்சை எழுதியவர் பரீட்சை வகுத்தல்

1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி மயில்வாகனனாரை நாடி வந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் கூடி ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவினர். பாடசாலைப் பரிசோதகராயிருந்த சதாசிவ ஐயர் அதன் தோற்றத்திற்குப் பெரிதும் உழைத்தார். மயில்வாகனனாரும் அம்முயற்சியில் முன்னின்றார். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என மூன்று படியாகப் பரீட்சைகளை வகுத்து நடத்தியது அச்சங்கம். மதுரைக்கு எழுதித் தேறிய ஒருவர், பின்வருவோர் கடல்கடந்து பரீட்சையை நாட வேண்டாதவாறு, ஈழத்திலேயே தமிழ்க் கல்விக்கு ஓர் அளவுகோல் ஏற்படத் துணைநின்றார். ஆங்கிலப் பாடசாலைகளிற் பயிலாத நாட்டுப்புறத்துத் தமிழாசிரியர் பலர் அப்பரீட்சைகளால் மதிப்புப் பெற்றனர்.

மூன்று படிகளாக வகுத்தமை கருதத்தக்கது. பிரவேச பரீட்சையிற் தேறியவர் மேலும் கற்றுப் பால பண்டிதராவர், அதன்பின் பண்டிதராவர். ஒருநாட் பரீட்சையே ஒருவர் கல்வியின் முடிவென்று கொள்ளாமல், பல்லாண்டுக் கற்றலைப் படிப்படியாக அளக்கும் முறையன்றோ இது? பள்ளிமதிப்பீட்டை விரும்புவோர் நாடும் நன்மையும் பொதுப் பரீட்சையை விரும்புவோர் நாடும் நடுநிலையும் இதில் ஓரளவு ஒன்றுபடுகின்றன.

துறவும் கீழைக்கரைப் பள்ளிகளும்

அதிபர் பதவியும் பட்டங்களும் மயில்வாகனனாரின் உள்ளத்தைப் பிணிக்கவில்லை. 1922 இல் அவற்றைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்று, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் இதழ்களின் பணியில் ஈடுபட்டார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணை நாளிலே சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். பரீட்சைகளால் வந்த பெயரையும் பட்டத்தையும் ஒருசேரக் களைந்து காவியுடுத்து நின்ற அவரைத் தாய்நாடு மீண்டும் அழைத்தது.

1925 முதலாக இலங்கையில் இராமகிருஷ்ண சங்கத்தின் கல்விப்பணி அவர் பொறுப்பில் வளர்ந்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிகள் சங்கத்தின் மேற்பார்வையில் வந்தன. திருகோணமலை இந்துக் கல்லூரியில் அவரே அதிபராய் அமர்ந்தும் பணி செய்தார். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில் 1929 இற் சிவாநந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. தம் குருவின் பெயரையே அதற்குச் சூட்டினார். பெற்றோரை இழந்தோரும் வறியோருமான சிறுவர்கள் தங்கிக் கற்க மாணவர் இல்லமும் அப்பகுதியில் அமைந்தது.

அடிகளாரின் வாழ்க்கையில் எம் வினாவிற்கு மிக நெருங்கிய விடையை நாம் காண்பது இவ்விடத்திலேதான். பரீட்சை எல்லோர்க்கும் ஒன்றே என்பது மெய். ஆயினும் பரீட்சை மண்டபத்தை வந்தடையும் வழி எல்லோர்க்கும் ஒன்றன்று. ஒரு பிள்ளை ஆய்வுகூடத்தில் ஈராண்டு பழகி வருகின்றான். மற்றொரு பிள்ளை அமிலத்தின் பெயரைப் புத்தகத்திற் படித்ததோடு வருகின்றான். இருவர்க்கும் ஒரே வினாத்தாளைக் கொடுப்பது நடுநிலை போலத் தோன்றினும், அத்தாள் பிள்ளையின் அறிவோடு அவன் கற்ற பள்ளியின் செல்வத்தையும் சேர்த்தே அளந்துவிடுகின்றது. தாம் கடந்த வாயிலை ஊரார் பிள்ளைகளும் கடக்கவேண்டுமென எண்ணிய அடிகளார், வாயிற் காவலரோடு வழக்காடுவதில் தம் ஆற்றலைச் செலவிடவில்லை. வாயிலுக்குச் செல்லும் வழியைச் செப்பனிட்டார். பள்ளி கட்டினார், விஞ்ஞானம் கற்பித்தார், தங்க இடமும் உண்ண உணவும் அமைத்தார்.

இருபல்கலைக்கழகங்களில்

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்து 1933 வரை பணிபுரிந்தார். அப்பல்கலைக்கழகம் தோன்றி அப்போது இரண்டாண்டே ஆகியிருந்தது. பாரதியாரின் பாடல்களைப் பல்கலைக்கழக மாணவர் போற்றிக் கற்க ஊக்கியவருள் அடிகளார் முன்னணியில் நின்றவர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அடிகளார் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் விஞ்ஞானப் பட்டமே. தமிழிற் பெற்றது மதுரைச் சங்கத்துப் பண்டிதப் பட்டம். பட்டப்பத்திரத்தை மட்டும் எடைபோட்டிருந்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பீடத்தில் அமர்த்தியிருத்தல் அரிது. அவர் ஆற்றிய பணியையும் எழுதிய எழுத்தையும் கண்டே அவரைத் தேர்ந்தது. செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ்நாடக மரபோடு வைத்து ஆராயும் மதங்க சூளாமணி 1926 ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்துவிட்டது. இளைஞனுக்குப் பரீட்சை வேண்டும்; ஏனெனில் அவனைப் பற்றிக் கூறுதற்கு வேறு சான்று இன்னும் பிறக்கவில்லை. முதிர்ந்தவனுக்கு அவன் செய்த பணியே சான்றாகின்றது. அடிகளாரின் வாழ்வு இவ்விரண்டையும் தத்தம் இடத்தில் வைத்துக் காட்டுகின்றது.

1934 இற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல்லாக்கப் பணியைத் தொடங்கியது. அதன் பொருட்டு 1936 இற் கூடிய மாநாட்டிற்கு அடிகளார் தலைமை வகித்தார். கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலிய துறைகளுக்குரிய தமிழ்ச்சொற்கள் பின்னர் நூலாக வெளியிடப்பட்டன. இப்பணிக்கும் எம் பொருளுக்கும் தொடர்பு யாதெனச் சிலர் வினவலாம். தாய்மொழியிற் கற்று, தாய்மொழியிலேயே பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பு இன்று எம் மாணவர்க்கு உண்டு. அவ்வாய்ப்புக்கு முன் சொல் பிறக்கவேண்டியிருந்தது. பதினாறு வயதில் ஆங்கிலத்தில் மட்டுமே தம் அறிவை நிலைநாட்ட நேர்ந்த ஒருவர், பிற்சந்ததியார் தமிழில் நிலைநாட்டச் சொல் தேடிக் கொடுத்தார்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1943 இல் அடிகளார் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இரண்டாண்டு கழித்து, 1945 இல், கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் கட்ட இயலாதோர்க்கும் பல்கலைக்கழகம் வரையிலான பாதை திறந்தது. இடங்கள் சிலவாகவும் வருவோர் பலராகவும் ஆயினமையால் பொறுக்கியெடுக்கும் பரீட்சையின் சுமையும் அன்று முதல் பெருகலாயிற்று.

அளவில் அடங்காத ஒரு நூல்

பேராசிரியப் பணியிடையேயும் அடிகளார் பல்லாண்டு உழைத்து முடித்த யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் பழைய உரைகளையும் துணைக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்க்கருவிகளின் அமைப்பையும் பண்களின் இயல்பையும் ஆராய்ந்து, சுர நிலைகளைக் கணித முறையால் நிறுவியது அந்நூல். பண்டித பரீட்சை தந்த புலமையும் விஞ்ஞானப் பட்டம் தந்த பௌதிகமும் கணிதமும் ஒருங்கு கூடாதிருப்பின் அந்நூல் பிறந்திராது. ஆயினும் அதற்கு வேண்டிய பொறுமையையும் பல்லாண்டு ஒரே பொருளைப் பற்றிநிற்கும் உறுதியையும் எப்பரீட்சை அளந்தது? எப்புள்ளித்தாளில் அது பதிவாயிற்று?

அரங்கேற்றம் நிகழ்ந்து ஒன்றரை மாதத்திற்குள், 1947 சூலை 19 ஆம் நாள், அடிகளார் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் திருமேனி கல்லடிக்குக் கொணரப்பட்டு, அவர் நிறுவிய சிவாநந்த வித்தியாலயச் சூழலிலே அடக்கம் செய்யப்பட்டது.

அவர்க்குப்பின் எழுந்த வழக்கு

அடிகளார் மறைந்து கால்நூற்றாண்டு செல்லுமுன் அளவுகோலைப் பற்றிய வழக்கு இந்நாட்டைப் பிளந்தது. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத் துறைக்குச் சிங்கள மொழியிற் பரீட்சை எழுதியோர் 400 இற்கு 229 புள்ளி பெற்றாற் போதுமெனவும், தமிழ்மொழியில் எழுதியோர் 250 புள்ளி பெறவேண்டுமெனவும் வரையறை செய்யப்பட்டது. இதனைத் தொடர்ந்து தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடும் வந்தது. தமிழ் இளைஞர் உள்ளத்தில் அது மூட்டிய தீயை நாம் விரித்துக்கூற வேண்டியதில்லை. மாவட்டப் பங்கீட்டால் யாழ்ப்பாணம் இடங்களை இழந்தது. மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் கிடைத்தன. ஒரே இனத்தாரிடையே ஒருவர் இழப்பு மற்றவர் வரவாய் அமைந்த துயர நிலை அது. மொழியை நோக்கிப் புள்ளியை வேறுபடுத்தியது அநீதி. பின்தங்கிய பள்ளியிற் பயின்ற பிள்ளையின் குறையைக் கருதுவது அதனின்றும் வேறான கொள்கை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுதல் தெளிவுக்கு உதவாது.

இன்றுள்ள முறைப்படி, விஞ்ஞானம் சார்ந்த துறைகள் முதலியவற்றில் நூற்றுக்கு 40 வரையான இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அப்பதினாறனுள் மட்டக்களப்பும் அம்பாறையும் அடங்கும். 2001 முதலாக இசட் புள்ளி முறை கைக்கொள்ளப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியினின்று அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. கடினமான பாடத்தை எடுத்தவனும் எளிய பாடத்தை எடுத்தவனும் ஒரே தராசில் நிற்க இது வழிசெய்கின்றது. பாடசாலை மட்டக் கணிப்பீடு என ஒன்று வகுக்கப்பட்டபோதிலும் பல்கலைக்கழக வாயிலைத் திறக்கும் திறவுகோல் உயர்தரப் பரீட்சையாகவே இருந்து வருகின்றது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இவ்வழக்கு ஓய்ந்தபாடில்லை. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கெனத் தனியே நடத்தப்பட்ட நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதலாக மேனிலைப் பள்ளித் தேர்வின் மதிப்பெண்ணே கொள்ளப்பட்டது. 2017 முதலாக மருத்துவக் கல்விக்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு அங்கும் வந்தது. தனிப்பயிற்சிக்குப் பொருள் செலவிட இயலாத சிற்றூர் மாணவர் இதனாற் பின்தள்ளப்படுவர் என்பது அந்நாட்டார் பலரின் முறையீடு. அவர்கள் மீட்க விரும்பும் பள்ளி மதிப்பெண்ணும் ஆசிரியர் தாமே இடும் மதிப்பெண்ணன்று. பொதுத் தேர்வின் மதிப்பெண்ணே என்பதையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இருபக்க நீதி

பள்ளிமதிப்பீட்டின் பக்கத்திலும் நீதி உண்டு. ஆசிரியர் மாணவனைப் பல்லாண்டு காண்கின்றார். அவன் உழைப்பு, ஒழுங்கு, செய்முறைத் திறன், தவறியபின் எழும் மனவுறுதி ஆகியவற்றை அறிகின்றார். பரீட்சையோ அவனைச் சில மணிநேரமே காண்கின்றது. அந்நேரத்திற் காய்ச்சல் வரலாம், வெள்ளமும் வரலாம். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை நடைபெற்றுக்கொண்டிருந்தபோது பெருமழையும் வெள்ளமும் வந்தமையாற் பரீட்சை சிலநாள் தள்ளிவைக்கப்பட்டதை எம் மாணவர் அறிவர். நனைந்த புத்தகத்தோடு பரீட்சைக்குச் சென்ற பிள்ளையும், மாடிவீட்டில் விளக்கொளியிற் படித்த பிள்ளையும் ஒரே நிரலில் வைக்கப்படுகின்றனர்.

ஆயினும் பள்ளிமதிப்பீட்டிற்கு ஒரு பெருந்தடையுண்டு. ஒரு பள்ளியின் தொண்ணூறு மற்றொரு பள்ளியின் எழுபதாயிருத்தல் கூடும். சிற்றூர்களில் ஆசிரியரும் பெற்றோரும் உறவினராயும் அயலவராயும் வாழ்கின்றனர். பல்கலைக்கழக இடம் அம்மதிப்பீட்டில் தங்கியதாயின், மாமன் என்றும் மச்சான் என்றும் வாசலில் வந்துநிற்பாரை எத்துணை ஆசிரியர் மறுத்தனுப்ப வல்லர்? மறுத்தவர் ஊரிற் பகையாளியாவர். இணங்கியவர் தொழிலுக்குப் பழியாளியாவர். பெரியோர் துணையற்ற பிள்ளையே இதனால் முதலில் இடம் இழப்பான். காரைதீவுச் சிறுவனுக்கு 1908 இல் முகமறியாப் பரீட்சகர் செய்த நன்மையை நாம் எளிதிற் கைவிடல் ஆகாது.

ஆகவே அடிகளாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளும் முடிபு இது. பல்கலைக்கழக வாயிலில் முகம் பாராத பொதுப் பரீட்சை நிற்றல் வேண்டும். அதனை எழுதவரும் பிள்ளைகளின் வழி சமனாகும்வரை, பின்தங்கிய பகுதிக்குரிய பங்கும் நிற்றல் வேண்டும். பள்ளிமதிப்பீடு வாயிலைத் திறக்கும் அதிகாரத்தைக் கோருமுன், நம்பத்தக்கது என்னும் பெயரைப் பெறுதல் வேண்டும். பரீட்சை அளக்கமுடியாத கலைத்திறனுக்கு நேரிற் கண்டு மதிப்பிடும் முறை வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டு எம் கண்ணெதிரே உள்ளது. 1981 இல் மட்டக்களப்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாய் மலர்ந்த நிறுவனத்தின் அங்கமாக, கல்லடியிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் விளங்குகின்றது. அங்கு இசையும் நடனமும் நாடகமும் பயில விழைவோர் உயர்தரப் புள்ளியோடு தம் கலைத்திறனையும் நேரிற் புலப்படுத்தல் வேண்டும். யாழ்நூல் யாத்தவர் பெயர் தாங்கிய நிறுவகத்திற்கு இம்முறை மிகப் பொருந்தும்.

பழைய மாணவர்காள்! ஆய்வுகூடமும் நூலகமும் எம் பிள்ளைகளுக்குக் குறைவற அமையுமாயின் மாவட்டப் பங்கை நாடவேண்டிய நிலை படிப்படியாகக் குறையும். அடிகளார் கல்லடியிற் செய்தது அதுவே. உடனாசிரியர்காள்! தவணைதோறும் நாம் இடும் புள்ளி, உறவுக்கும் வேண்டுதலுக்கும் வளையாத புள்ளியாயிருக்கட்டும். நாளை அது பல்கலைக்கழகத்தின் முன் வைக்கப்படினும் நாம் நாணாதிருக்கவேண்டும். மாணவர்காள்! பரீட்சையை அஞ்சாது எழுதுங்கள். தவறினும் மீண்டும் எழுதுங்கள். தேறியபின், அது வாயிற்படி என்பதை மறவாதீர்கள். அடிகளார் ஐந்து வாயில்களைக் கடந்தார். அவரை நாம் போற்றுவது கடந்த வாயில்களுக்காக அன்று. கடந்தபின் செய்த பணிக்காகவே. அப்பணியில் ஒரு சிறு கூறேனும் எம் கல்லூரிப் பிள்ளைகள் கையால் நிறைவேறத் திருவருள் துணைநிற்பதாக.